உயிர் காக்கும் அழைப்பு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த ஊர் கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகன் கோயிலுக்குச் செல்வோர் இங்குதான் பேருந்திலிருந்து இறங்கிக் கிளைச்சாலையில் திரும்புவர். சென்னைக்கும் தென்மாவட்டங்களுக்கும் இடையே ஓடும் ஊர்திகள் இரவு பகலாக இவ்வூரைக் கடந்து செல்கின்றன. அச்சந்திப்பில் ஒரு முதியவர் திடீரென மயங்கி விழுகிறார் எனக் கொள்வோம். கூட்டம் கூடுகிறது. ஒருவர் முகத்தில் நீர் தெளிக்கிறார். மற்றொருவர் சோடா வாங்க ஓடுகிறார். வேறொருவர் 108 என்னும் எண்ணை அழைத்து, "சீக்கிரம் வாங்க சார், கூட்ரோட்டுல ஒருத்தர் விழுந்துட்டாரு" என்று கூறிவிட்டு இணைப்பைத் துண்டிக்கிறார்.

விழுப்புரம் மாவட்டத்தில் கூட்டுச்சாலைகள் பல. எந்தக் கூட்டுச்சாலை, நெடுஞ்சாலையின் எந்தப் பக்கம், விழுந்தவர் மூச்சு விடுகிறாரா என்னும் செய்திகளுள் ஒன்றேனும் அவ்வழைப்பில் இல்லை. அழைத்தவர் நல்லெண்ணம் உடையவர். கடமையை முடித்துவிட்டதாகவே நம்புகிறார். ஆயினும் முதியவரின் நிலை மாறவில்லை. அபாயத்தை அறிதல், அறிந்ததைச் சொல்லுதல் ஆகிய இரண்டும் கூடினால்தான் உதவி வந்து சேரும். இவற்றுள் முதலாவது மருத்துவ அறிவு, இரண்டாவது மொழித்திறன்.

வலியை மட்டும் நம்பலாகாது

வலி மிகுந்தால் அபாயம், வலி இல்லையேல் அபாயமில்லை என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். உயிர்பறிக்கும் நோய்கள் பல இவ்வெண்ணத்தைப் பொய்யாக்குகின்றன. பக்கவாதம் பெரும்பாலும் வலியின்றியே வரும். பேசிக்கொண்டிருந்தவரின் வாய் ஒருபுறமாகக் கோணும், இரு கைகளையும் உயர்த்தச் சொன்னால் ஒரு கை தாழும், சொற்கள் குழறும். "தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்" என்று படுக்க வைப்பது பெருந்தவறு. மூளையின் குருதிக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். அதற்குமுன் மூளையைப் படமெடுத்துப் பார்ப்பதும் இன்றியமையாதது. எனவே, குறி தோன்றிய மணியை நினைவில் வைத்துச் சொல்வதும் மருத்துவ உதவியே.

மாரடைப்பு பெரும்பாலும் நெஞ்சை அழுத்திப் பிசைவது போலத் தொடங்கி இடக்கை, தாடை, முதுகு எனப் பரவும். குளிர்ந்த வியர்வை கொட்டும். ஆனால், நீண்டகால நீரிழிவு நோயாளிகளிடத்தும் பெண்களிடத்தும் வலி மங்கலாக இருக்கலாம். மூச்சுத்திணறல், குமட்டல், காரணமற்ற களைப்பு ஆகியன மட்டுமே தோன்றவும் கூடும். நம் வீடுகளில் இதற்கு "வாயு" என்று பெயர் சூட்டிப் பெருங்காயமும் ஓமநீரும் கொடுத்துக் காத்திருப்பர். வாயுவாகவும் இருக்கலாம். ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியது சமையலறை அன்று.

வேளாண்மை மிகுந்த இப்பகுதிக்கு மற்றோர் எடுத்துக்காட்டும் பொருந்தும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் உறங்குவோரைக் கடிப்பது. அதன் கடியில் வீக்கமோ வலியோ பெரிதாக இராது. பற்குறிகூடத் தெரியாமல் போகலாம். விடியலில் வயிற்றுவலி என்பார், பின்னர் இமைகள் தாமே சரியும், விழுங்க இயலாது, மூச்சுத் தளரும். வெறும் வயிற்றுவலி எனக் கருதிப் பொழுதைப் போக்கினால் மீட்பது அரிதாகிவிடும். பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் கேடு விளைவிப்பன. மோதிரம், வளையல், மெட்டி முதலியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். பாம்பை அடித்து எடுத்துச் செல்லத் தேவையில்லை. நம் மருத்துவமனைகளில் உள்ள நச்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் முறிப்பது. அதற்கு வேண்டிய நஞ்சை 1978இல் தொடங்கப்பெற்று வடநெம்மேலியில் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் வழங்கி வருகிறது என்பது நாம் பெருமையுடன் அறிய வேண்டிய செய்தி.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் இன்றும் ஒழியவில்லை. இரும்புக்கும் வலிப்பு நிற்பதற்கும் தொடர்பில்லை; பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே அடங்குவதால் அப்பெருமை சாவிக்குப் போய்விட்டது. வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தலே முறை. ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ நினைவு திரும்புமுன் மீண்டும் வந்தாலோ அவசர ஊர்தியை உடனே அழைக்க வேண்டும்.

எண்கள் வந்த வழி

1935ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியது. அண்டை வீட்டார் தொலைபேசியில் தீயணைப்புத் துறையை அழைத்தார். அந்நாளில் அவசர அழைப்புகள் இணைப்பகப் பணியாளர் வழியாகவே சென்றன. இவ்வழைப்பும் வரிசையில் காத்துக்கிடந்தது. அத்தீயில் ஐந்து பெண்கள் மாண்டனர். அண்டை வீட்டார் நாளிதழுக்கு எழுதிய கடிதம் நாட்டை உலுக்கியது. அதன் பயனாக 1937 சூன் 30 அன்று 999 என்னும் அவசர எண் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் 911 என்னும் எண்ணின் முதல் அழைப்பு 1968இல் அலபாமா மாநிலத்தின் ஏலிவில் என்னும் சிற்றூரில் ஒலித்தது. இந்தியாவில் 108 சேவை 2005இல் ஐதராபாத்தில் தொடங்கிற்று. தமிழ்நாட்டிற்கு 2008இல் வந்தது.

தமிழர் பணிநிமித்தம் வாழும் நாடுகளில் எண்கள் வேறுபடுகின்றன. சிங்கப்பூரில் மருத்துவ உதவிக்கு 995. அங்கே 999 என்பது காவல்துறைக்குரியது. மலேசியாவில் 999 எல்லாவற்றுக்கும் பொது. ஐக்கிய அரபு அமீரகத்தில் அவசர ஊர்திக்கு 998. இலங்கையில் 1990, 'சுவசெரிய' என்னும் அச்சேவை இந்திய அரசின் நிதியுதவியுடன் 2016இல் மேற்கு, தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வட மாகாணத்திற்கும் விரிவுற்றது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112. இந்தியாவும் காவல், தீயணைப்பு, மருத்துவம் ஆகிய மூன்றிற்கும் பொதுவாக 112ஐ ஏற்றுக்கொண்டுள்ளது. கைப்பேசி பூட்டப்பட்டிருந்தாலும் அதன் திரையில் உள்ள அவசர அழைப்பு வழியாக இவ்வெண்ணை அழைக்கலாம். வெளிநாடு செல்லும் உறவினர் எவரேனும் பெட்டி கட்டும்போது அந்நாட்டின் எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது ஊறுகாய்ப் புட்டியைவிடப் பயனுடையது.

மறுமுனை கேட்பவை

எண் நாட்டுக்கு நாடு மாறும். மறுமுனையில் இருப்பவர் கேட்கும் வினாக்கள் பெரிதும் மாறுவதில்லை. முதலில் இடம். சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைச் சொன்னாலே கட்டடம் விளங்கிவிடும். துபாயில் கட்டட வாயிலில் 'மக்கானி' என்னும் பத்து இலக்க எண் பொறிக்கப்பட்டிருக்கும். நம் ஊரில் அடையாளங்களே முகவரி. ஆதலால், "கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் விழுப்புரம் நெடுஞ்சாலை, விழுப்புரம் போகும் பக்கம், மயிலம் சாலை பிரியுமிடத்துப் பேருந்து நிறுத்தம்" என்று பெரிய ஊரிலிருந்து சிறிய அடையாளத்தை நோக்கிச் சொல்ல வேண்டும். நடுவே தடுப்புச் சுவருள்ள நெடுஞ்சாலையில் எந்தப் பக்கம் எனச் சொல்லாவிடில், ஊர்தி எதிர்ப்புறம் வந்து நெடுந்தொலைவு சென்று திரும்ப நேரும். சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் எண் தெரிந்தால் இன்னும் நன்று.

அடுத்து, கண்டதைச் சொல்லுதல். "ஹார்ட் அட்டாக்" என்று நோய்ப்பெயர் கூறுவதினும், "அறுபது வயது இருக்கும், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை, மூச்சு சரியாக வரவில்லை" என்பதே மறுமுனைக்குத் தேவை. நோய்ப்பெயர் நம் ஊகம், கண்டது உண்மை. மொழி அறியா நாட்டிலும் "நோ பிரீத்திங்", "செஸ்ட் பெயின்" என்னும் இரு சொற்கள் போதும்.

மூன்றாவது, இணைப்பைத் துண்டிக்காதிருத்தல். ஊர்தி வருமுன் செய்ய வேண்டியதை மறுமுனையிலிருந்தே சொல்லித்தர இயலும். நினைவிழந்தவர் மூச்சும் விடவில்லையெனில், மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமிழுமாறு அழுத்த வேண்டும். இடைவிட்டு இடைவிட்டு வாய்திறந்து இழுப்பது இயல்பான மூச்சன்று; அதைக் கண்டு நிம்மதி கொள்ளலாகாது. எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்பதையும் ஊர்திப் பணியாளரிடமே விட்டுவிடுதல் நலம். திண்டிவனம் அரசு மருத்துவமனை, முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் என மூன்று திசைகளில் மருத்துவமனைகள் இருக்க, அருகில் உள்ளதே எல்லா நோய்க்கும் உரியது எனக் கொள்வதற்கில்லை.

விபத்தைக் கண்டும் விலகிச் செல்வோர் கூறும் காரணம் ஒன்றுண்டு: "போலீஸ், கோர்ட்டு என்று அலைய முடியாது." இவ்வச்சத்திற்கு இன்று இடமில்லை. உதவியவரைத் துன்புறுத்தலாகாது என 2016இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவும் அவருக்குப் பாதுகாப்பளிக்கிறது. பெயரைச் சொல்லுமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது. செலவு பற்றிய தயக்கமும் வேண்டுவதில்லை. 2021 திசம்பரில், இதே நெடுஞ்சாலையில் உள்ள மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் காயமுற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை வரையறுக்கப்பட்ட தொகைவரை இலவசமாக அளிக்கிறது.

மீண்டும் கூட்டேரிப்பட்டுக்கு வருவோம். அழைத்தவர் இணைப்பில் இருக்க, உடனிருப்போருள் ஒருவர் மயிலம் சாலை முனையில் நின்று ஊர்திக்குக் கைகாட்ட வேண்டும். இரவெனில் கைப்பேசி விளக்கை ஏற்றிப் பிடிக்க வேண்டும். மற்றொருவர் முதியவரின் சட்டைப்பையில் மாத்திரைச் சீட்டு உள்ளதா எனப் பார்த்து எடுத்து வைக்கலாம். சோடா வாங்கி வந்தவர் அதைத் தாமே அருந்திவிடலாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.