நாலு பேர் அடித்தாலும் கணக்கு ஒன்றுதான்: 'ஸ்கிராம்பிள்' கோல்ஃப் போட்டிக்கு அழைப்பு வந்தால்...

"வாப்பா, ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து கோல்ஃப் போட்டிக்குப் போறாங்க. என்னையும் பேர் கொடுக்கச் சொல்றாங்க. நான் அந்த மட்டையைத் தொட்டதே இல்லையே!"

அமெரிக்காவில் வேலை பார்க்கும் மகனிடமிருந்தோ மகளிடமிருந்தோ இப்படி ஒரு போன் வந்தால் ஊரில் இருக்கும் நாம் என்ன சொல்வோம்? "பணக்காரங்க விளையாட்டு, நமக்கெதுக்கு?" என்போம். பிள்ளையும் ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கிக்கொள்ளும்.

அப்படி அவசரப்பட வேண்டியதில்லை. மருத்துவமனை, பள்ளிக்கூடம், ஏழைகளுக்கான உணவு வங்கி போன்றவற்றுக்கு நிதி திரட்ட அங்கே நடத்தப்படும் கோல்ஃப் போட்டிகளில் பல 'ஸ்கிராம்பிள்' என்ற குழு முறையில் நடப்பவை. விளையாடத் தெரியாதவருக்கும் அதில் இடம் உண்டு. ஆனால் போகுமுன் ஆட்டத்தின் முறையையும் பணத்தின் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஆட்டம் எப்படி நடக்கிறது?

வழக்கமான கோல்ஃபில் அவரவர் பந்தை அவரவரே கடைசிவரை அடிக்க வேண்டும். 18 குழிகள். தேர்ந்தவர் சுமார் 72 அடிகளில் முடிப்பதைப் புதியவர் 120 அடித்தும் முடிக்க முடியாமல் திணறுவார். பின்னால் வருபவர்கள் காத்து நிற்பார்கள், வெட்கமாகிவிடும்.

ஸ்கிராம்பிளில் பெரும்பாலும் நாலு பேர் ஒரு குழு. முதலில் நாலு பேரும் ஆளுக்கொரு பந்தை அடிப்பார்கள். அவற்றுள் எது நல்ல இடத்தில் கிடக்கிறது என்று பேசி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். மற்ற மூவரும் தங்கள் பந்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்கே வந்து, நாலு பேரும் அங்கிருந்து அடுத்த அடியை அடிப்பார்கள். பந்து குழிக்குள் விழும்வரை இப்படியே தொடரும். நாலு பேர் அடித்தாலும் கணக்கில் ஓர் அடிதான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 350 கெஜ தூரத்தில் குழி. நாலு அடியில் முடிக்க வேண்டியது. இதைத்தான் 'பார் 4' என்கிறார்கள். முதலாமவர் பந்து 200 கெஜம் நேராகப் போகிறது. இரண்டாமவருடையது மரத்துக்குள், மூன்றாமவருடையது தண்ணீருக்குள். நம் பிள்ளையின் பந்து நாற்பது கெஜம் உருண்டு நின்றுவிடுகிறது. பரவாயில்லை, முதலாமவர் பந்து இருக்கிறது. அங்கிருந்து நாலு பேரும் அடிக்கும்போது ஒருவர் பந்து குழியிலிருந்து பத்தடி தூரத்தில் விழுகிறது. இனி உருட்டித் தள்ள வேண்டியதுதான். மூவரும் தவறவிட, கடைசியாக நம் பிள்ளை உருட்டியது உள்ளே விழுகிறது. மூன்றே அடி! ஒன்று மிச்சம், அதற்குப் பெயர் 'பேர்டி'.

ஆக, இந்த ஆட்டத்தில் தவறான அடி யாரையும் கீழே இழுப்பதில்லை. நல்ல அடி எல்லோரையும் மேலே தூக்குகிறது. நாள் முழுக்க இரண்டு நல்ல அடி அடித்தாலும் புதியவர் குழுவுக்கு உதவியவர்தான்.

சில நுணுக்கங்கள்

தேர்ந்தெடுத்த இடத்தில் முதலில் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். அதிலிருந்து பெரும்பாலும் ஒரு மட்டை நீளத்துக்குள், குழிக்கு மேலும் நெருங்காமல் பந்தை வைக்கலாம். மணல் பள்ளத்தில் கிடந்த பந்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லோரும் மணலிலிருந்தே அடிக்க வேண்டும். புல்லுக்கு மாற்றக் கூடாது. அளவுகள் போட்டிக்குப் போட்டி மாறும் என்பதால் அன்றைய விதித்தாளைப் படித்துவிட வேண்டும்.

பல போட்டிகளில் ஒவ்வொருவருடைய தொடக்க அடியையும் இத்தனை முறையாவது பயன்படுத்தியாக வேண்டும் என்று நிபந்தனை உண்டு. அப்போது புதியவரின் பந்து சுமாராக விழுந்திருந்தாலும், எளிதான குழி ஒன்றில் அதை முன்கூட்டியே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். கடைசிக் குழிவரை தள்ளிப்போட்டால் நெருக்கடி புதியவர் தலையில் விழும்.

அடிக்கும் வரிசையும் முக்கியம். நிதானமாக நேரே அடிப்பவர் முதலில் அடித்து ஒரு பந்தைப் பத்திரப்படுத்திவிட்டால், மற்றவர்கள் பயமில்லாமல் துணிந்து அடிக்கலாம். குழி அருகே உருட்டும்போது முன்னால் உருட்டியவரின் பந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துப் பின்னால் வருபவர் பாடம் கற்றுக்கொள்ளலாம். அதனால் நன்றாக உருட்டுபவர் கடைசி.

தந்தையும் பிள்ளையும்

பெயர்பெற்ற ஆட்டக்காரர்களும் இம்முறையில் விளையாடுகிறார்கள். ஃபுளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரில் நடக்கும் பிஎன்சி சாம்பியன்ஷிப், பெரிய பட்டம் வென்றவர் தம் குடும்பத்தில் ஒருவரோடு சேர்ந்து ஆடும் இருவர் ஸ்கிராம்பிள். 1995-ல் தந்தை-மகன் போட்டியாகத் தொடங்கியது. இன்று மகள்களும் வருகிறார்கள். நெல்லி கோர்டா தம் தந்தை பீட்டர் கோர்டாவோடு ஆடியிருக்கிறார். அவரோ 1998-ல் ஆஸ்திரேலிய ஓப்பன் வென்ற டென்னிஸ் வீரர்.

2021 பிப்ரவரியில் கார் விபத்தில் கால் நொறுங்கிய டைகர் உட்ஸ், அந்த டிசம்பரில் 12 வயது மகன் சார்லியோடு இங்கேதான் மீண்டும் ஆட வந்தார். கடைசி நாளில் தொடர்ந்து 11 குழிகளில் பேர்டி எடுத்து இரண்டாம் இடம் பிடித்தார்கள். தந்தையால் முடியாத இடத்தில் மகன் அடி கைகொடுத்தது. மகன் தவறிய இடத்தில் தந்தை இருந்தார். 2024-ல் 67 வயது பெர்ன்ஹார்ட் லாங்கர் தம் மகன் ஜேசனோடு சேர்ந்து அதே உட்ஸ் ஜோடியைக் கூடுதல் குழியில் வென்றார். வயதும் பலமும் வேறுபட்டவர்கள் ஒன்றாக ஆட முடிவது இம்முறையின் சிறப்பு.

பணக் கணக்கு

இனி, கவனமாக இருக்க வேண்டிய பகுதி. நிதி திரட்டும் போட்டியின் நுழைவுக் கட்டணம் முழுவதும் தர்மமாகிவிடாது. மைதான வாடகை, வண்டி, சாப்பாடு எல்லாம் அதில் அடங்கும். உதாரணமாக 200 டாலர் கட்டி, 120 டாலர் மதிப்புக்கு ஆடிச் சாப்பிட்டால், 80 டாலர்தான் நன்கொடை. அமெரிக்க வருமான வரிச் சட்டமும் இதையே சொல்கிறது. 75 டாலருக்கு மேல் வாங்கும் அறநிறுவனம், அதில் எவ்வளவு நன்கொடை என்பதை எழுத்தில் தர வேண்டும். பிள்ளைகள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

மைதானத்தில் வேறு சில்லறை விற்பனைகளும் நடக்கும். 'மல்லிகன்' என்பது தவறிய அடியைத் திரும்ப அடிக்கக் காசு கொடுத்து வாங்கும் சலுகை. குலுக்கல் சீட்டு விற்பார்கள். குழுக்களுக்குள் பந்தயமும் கட்டுவார்கள். பணம் கட்டிப் பரிசுக்குக் காத்திருக்கும் குலுக்கலும் பந்தயமும் நமக்கு ஆகாதவை. இவை எதுவும் கட்டாயமில்லை. "சீட்டு வேண்டாம், இந்தத் தொகையை நன்கொடையாக எழுதிக்கொள்ளுங்கள்" என்று சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போகுமுன்...

மட்டைகளைப் பல மைதானங்களில் வாடகைக்கு எடுக்கலாம். ஒன்றிரண்டு மாலை பயிற்சித் திடலில் அடித்துப் பழகினால் போதும். காலர் வைத்த சட்டை வேண்டும். ஜீன்ஸ் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. முழுக்கைச் சட்டைக்கோ முக்காட்டுக்கோ கோல்ஃப் விதிகளில் தடை இல்லை.

எல்லாக் குழுக்களும் வெவ்வேறு குழிகளிலிருந்து ஒரே நேரத்தில் தொடங்குவது வழக்கம். முடிய ஐந்து மணி நேரம்கூட ஆகும். எனவே ளுஹர் தொழுகைக்கான இடைவெளியைக் குழுவினரிடம் முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. மற்றவர் அடிக்கும்போது பேசக் கூடாது. பந்து ஆள் இருக்கும் பக்கம் பறந்தால் உடனே "ஃபோர்!" என்று கத்தி எச்சரிக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இந்த ஆட்டத்தில் கூடவே நின்று எண்ணும் நடுவர் கிடையாது. எத்தனை அடி என்பதைக் குழுவே அட்டையில் எழுதிக் கொடுக்கிறது. பரிசுக்காக ஓர் அடியைக் குறைத்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அந்த அட்டை ஓர் அமானிதம். அட்டையை எழுதும் பொறுப்பு நம் பிள்ளையிடம் வந்தால், அடித்ததை அடித்தபடி எழுதட்டும். கடைசி இடம் வந்தாலும், "அந்தப் பையன் எழுதினால் சரியாக இருக்கும்" என்று நாலு பேர் சொல்வது எந்தக் கோப்பையையும்விடப் பெரிது.

அடுத்த முறை அப்படி ஒரு போன் வந்தால், "போயிட்டு வா, கணக்கை மட்டும் சரியா எழுது" என்று சொல்லி அனுப்பலாம்.