ஸ்கோர் போர்டில் ஏறாத ரன்கள்!

கெங்கவல்லி, தம்மம்பட்டி பக்கத்துக் குட்டீஸ் கிரிக்கெட் ஆட, ஸ்டேடியமா வேண்டும்? அறுவடை முடிந்த காடு ஒன்று கிடைத்தால் போதும். மூன்று குச்சிகளை நட்டதும் ஆட்டம் தொடங்கிவிடும். 'நான்தான் பேட்டிங்!', 'நான்தான் பவுலிங்!' என்று ஆளாளுக்கு முந்துவர். ஆனால், 'எனக்கு பீல்டிங் கொடு' என்று யாராவது கேட்டு வாங்கியது உண்டா? ஊஹூம்! பக்கத்து குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் ஓடிய பந்தைத் தேடி எடுத்து வருபவர்தானே பீல்டர் என்ற நினைப்பு!

பேட்டிங், பவுலிங் இரண்டும் தெரிந்தவரை, 'ஆல்-ரவுண்டர்' என்கிறோம். அந்த இரண்டோடு பீல்டிங் என்ற மூன்றாவது வித்தையையும் சேர்த்து, இந்திய அணியில் இடம் பிடித்தவர் ஒருவர் இருக்கிறார். தமிழகத்துக்காக ஆடியவர். அதுவும், 33 வயதுக்குப் பிறகு! அவர்தான் ராபின் சிங். அவர் கதையைக் கேட்போமா?

கரும்புத் தோட்டத் தீவு

உலக உருண்டையை எடுங்கள். தென் அமெரிக்காவின் வடக்குக் கரையை ஒட்டி, கடலில் ஒரு சின்னத் தீவு தெரிகிறதா? அதுதான் டிரினிடாட். வெஸ்ட் இண்டீஸ் அணியின் பிரையன் லாரா பிறந்த தீவு.

இந்தியாவில் வெள்ளைக்காரர் ஆட்சி நடந்தபோது, அங்கிருந்த கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய, இந்தியர்களைக் கப்பலில் ஏற்றிச் சென்றனர். முதல் கப்பல் 1845, மே மாதம் டிரினிடாட் போய்ச் சேர்ந்தது. 1917 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் இப்படிப் போயினர். சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. போனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. அங்கேயே குடும்பம் பெருகியது.

அப்படிப்பட்ட இந்திய வம்சாவளிக் குடும்பம் ஒன்றில், 1963, செப்டம்பர் 14-ல், பிரின்சஸ் டவுன் என்ற ஊரில் பிறந்தவர்தான் ரபீந்திர ராமநாராயண் சிங். சுருக்கமாக ராபின் சிங்!

படிப்புக்காக 1980-களில் சென்னைக்கு வந்தார் ராபின். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தார். படித்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் மைதானம்தான். இடது கையால் பேட்டிங் செய்வார். பந்து வீசுவதோ வலது கையால், மிதவேகத்தில். விரைவிலேயே தமிழக அணியில் இடம் கிடைத்தது. 1987-88-ல் தமிழகம் ரஞ்சிக் கோப்பையை வென்றபோது, அந்த அணியில் அவரும் இருந்தார். 1954-55-க்குப் பிறகு தமிழகத்துக்குக் கிடைத்த ரஞ்சிக் கோப்பை அதுதான்!

பிறந்த மண்ணில் முதல் ஆட்டம்

1989-ல் இந்திய அணி வெஸ்ட் இண்டீஸுக்குப் போனது. அந்த அணியில் ராபின் சிங்கின் பெயரும் இருந்தது. இந்தியாவுக்காக ஆட வேண்டுமானால் இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் அல்லவா? டிரினிடாட் பாஸ்போர்ட்டை விட்டுக் கொடுத்து, இந்தியர் ஆனார்.

1989, மார்ச் 11... அவருடைய முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டி நடந்த ஊர் எது தெரியுமா? டிரினிடாட்டின் தலைநகர் போர்ட் ஆப் ஸ்பெயின்! பிறந்த தீவிலேயே, எதிரணி வீரராகக் களம் இறங்கினார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தத் தொடரில் இரண்டே போட்டிகள்தான் ஆடினார். அதன் பிறகு அவரை அணியில் எடுக்கவில்லை. ஒரு வருடம் போனது... இரண்டு வருடம் போனது... 1992 உலகக் கோப்பை வந்தது, ராபின் இல்லை. 1996 உலகக் கோப்பை இந்திய மண்ணிலேயே நடந்தது. அப்போதும் ராபின் இல்லை!

ஒருவருக்கு 32 வயது தாண்டிவிட்டால், 'இனி இளைஞர்களுக்கு வாய்ப்புக் கொடுப்போம்' என்பதுதான் கிரிக்கெட் உலகின் வழக்கம். பாஸ்போர்ட்டையும் கொடுத்தாகிவிட்டது. அணியிலும் இடமில்லை. வேறு யாராக இருந்தாலும் மனம் உடைந்து போயிருப்பர். ராபின் என்ன செய்தார்? தமிழக அணிக்காக ஒவ்வொரு சீசனும் ஆடிக்கொண்டே இருந்தார். முதல்தரப் போட்டிகளில் அவர் எடுத்த ரன்கள் ஏறக்குறைய 7,000. விக்கெட்டுகள் 170-க்கும் மேல்.

ஏழு வருடம் கழித்து, 1996-ல் நடந்த டைட்டன் கோப்பைப் போட்டியில் மறுபடியும் கதவு திறந்தது. அப்போது அவருக்கு வயது 33! ராபின் சிங் ஆடிய ஒருநாள் போட்டிகள் மொத்தம் 136. அதில் இரண்டைக் கழித்தால், மீதி 134 போட்டிகளையும் ஆடியது 33 வயதுக்குப் பிறகுதான்!

நம் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன், இந்தியாவுக்காக முதன்முதலில் ஆடியபோது அவருக்கு வயது 29. 'லேட்டா வந்துட்டாரே' என்று அப்போது சொன்னவர்கள், ராபின் சிங்கை மறந்திருப்பர்.

எப்படிக் கிடைத்தது இடம்?

அப்போது இந்திய அணியில் சச்சின், அசாருதீன், கங்குலி, திராவிட் என்று பெரிய பேட்ஸ்மேன்கள் இருந்தனர். பந்துவீச கும்ப்ளே, ஸ்ரீநாத், வெங்கடேஷ் பிரசாத். இவ்வளவு பேர் இருக்கும்போது, ராபின் சிங் எதற்கு?

நோட்டும் பேனாவும் எடுங்கள், ஒரு கணக்குப் போடுவோம். ராபின் 20 ரன் எடுக்கிறார். சில ஓவர்கள் வீசி ஒரு விக்கெட் எடுக்கிறார். இவை ஸ்கோர் புத்தகத்தில் ஏறிவிடும். பீல்டிங்கில் பாய்ந்து, விழுந்து 10 ரன்களைத் தடுக்கிறார். ஒரு ரன்-அவுட்டும் செய்கிறார். தடுத்த ரன்னுக்கு ஸ்கோர் புத்தகத்தில் கட்டமே கிடையாது! ஆனால், எதிரணிக்குப் போகாத 10 ரன்னும், நாம் அடித்த 10 ரன்னும் ஒன்றுதானே? அதாவது, அவர் எடுத்தது 20 ரன் இல்லை... 30!

ரன்-அவுட் எவ்வளவு கஷ்டம் என்றும் பாருங்கள். பேட்ஸ்மேன் ஒரு ரன் எடுக்க ஓடும் தூரம் சுமார் 17.7 மீட்டர். மூன்று விநாடி போதும். அதற்குள் பீல்டர் ஓடி வந்து, குனிந்து, எடுத்து, எறிய வேண்டும். மூன்று ஸ்டம்புகளையும் நேர் எதிரே நின்று பார்த்தால் அகலம் சுமார் 23 செ.மீ., இருக்கும். பக்கவாட்டில் நிற்பவருக்கோ ஒரே ஒரு ஸ்டம்ப்தான் தெரியும். அதன் தடிமன் 4 செ.மீ.,க்கும் குறைவு! அதைக் குறி பார்த்து, ஓடிக்கொண்டே அடிக்க வேண்டும்.

ராபின் சிங்கும் அஜய் ஜடேஜாவும் உள்வட்டத்தில் நின்றால், ஒரு ரன்னுக்கு ஓடவே எதிரணி யோசிக்கும். பேட்டிங்கிலும் அப்படித்தான். இளைஞர்களோடு போட்டி போட்டு ஓடுவார். ஒரு ரன் வர வேண்டிய இடத்தில் இரண்டு எடுத்துவிடுவார்.

டாக்காவில் ஒரு மாலை

1998, ஜனவரி 18. வங்கதேசத் தலைநகர் டாக்கா. சுதந்திரக் கோப்பைக்கு மூன்று இறுதி ஆட்டங்கள். முதல் இரண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும் ஆளுக்கொன்று வென்றுவிட்டன. கடைசி ஆட்டத்தில் பாகிஸ்தான் 48 ஓவரில் 314 ரன் குவித்தது. அதுவரை ஒருநாள் போட்டியில் எந்த அணியும் இவ்வளவு ரன்னை விரட்டி வென்றதில்லை.

சச்சின் வேகமாக 41 ரன் எடுத்து அவுட் ஆனார். அடுத்து வந்தவரைப் பார்த்து எல்லாருக்கும் ஆச்சரியம். வழக்கமாகக் கடைசி ஓவர்களில் ஆட வரும் ராபின் சிங், மூன்றாவது ஆளாக வந்தார்! கங்குலியும் அவரும் சேர்ந்து 179 ரன் எடுத்தனர். கங்குலி 124, ராபின் 82. இருவரும் அவுட் ஆன பிறகு ஆட்டம் இழுபறி ஆனது. வெளிச்சமும் மங்கிவிட்டது. இரண்டு பந்தில் மூன்று ரன் தேவை என்ற நிலையில், இளம் வீரர் கனிட்கர் பவுண்டரி அடிக்க, இந்தியா வென்றது. உலக சாதனை!

அடுத்த வருடம் இங்கிலாந்தில் உலகக் கோப்பை. டான்டன் நகரில் இலங்கைக்கு எதிராக கங்குலி 183, திராவிட் 145 என்று விளாசித் தள்ளினர். (அந்த திராவிட்தான், 2020-ல் நம் வாழப்பாடி அருகே கிரிக்கெட் மைதானத் திறப்பு விழாவுக்கு வந்தவர்.) அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் இந்த இருவரைத்தான் சொல்வர். ஆனால், இலங்கையை 216 ரன்னில் சுருட்டியவர் யார்? 31 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்த ராபின் சிங்!

எல்லாமே இனிப்பாக அமைந்துவிடவில்லை. டெஸ்ட் கிரிக்கெட்டில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்புத்தான். 1998-ல் ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் ஆடினார். இரண்டு இன்னிங்சிலும் சேர்த்து 27 ரன்தான். அதோடு சரி. அதற்காக அவர் ஒருநாள் போட்டிகளில் ஓடுவதைக் குறைத்துக்கொள்ளவில்லை. 2001-ல் கடைசி ஒருநாள் போட்டியில் ஆடியபோது அவருக்கு வயது 37.

ஐந்தே ரன்!

ஓய்வுக்குப் பிறகு ராபின், பயிற்சியாளர் ஆனார். ஹாங்காங் அணிக்குக் கற்றுக் கொடுத்தார். 2007 முதல் 2009 வரை இந்திய அணிக்குப் பீல்டிங் பயிற்சியாளராக இருந்தார்.

2007-ல் தென் ஆப்ரிக்காவில் முதல் 'டுவென்டி-20' உலகக் கோப்பை நடந்தது. செப்டம்பர் 24-ல் இறுதி ஆட்டம். எதிரணி மீண்டும் பாகிஸ்தான்! இந்தியா 157 ரன் எடுத்தது. பாகிஸ்தானின் இம்ரான் நசீர் 14 பந்தில் 33 ரன் அடித்து மிரட்டிக்கொண்டிருந்தார். அப்போது ராபின் உத்தப்பா எறிந்த பந்து, நேராக ஸ்டம்பைத் தாக்கியது. நசீர் ரன்-அவுட்! பாகிஸ்தான் 152 ரன்னில் ஆட்டம் இழந்தது. இந்தியா வென்றது ஐந்தே ரன்னில்!

அந்தக் கடைசி கேட்ச்சையும், கோப்பையோடு தோனி சிரித்ததையும் எல்லாரும் சொல்வர். உத்தப்பாவின் அந்த எறிதல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பீல்டிங் பயிற்சியாளருக்கு, அந்த ரன்-அவுட்டின் அருமை நன்றாகவே தெரிந்திருக்கும்.

நீங்களும் செய்து பாருங்கள்

* ஒரே ஒரு ஸ்டம்ப் நடுங்கள். 10 அடி தள்ளி நின்று, பத்துப் பந்து எறியுங்கள். ஆறு பந்து பட்டால், இன்னும் ஐந்து அடி பின்னால் போங்கள்.

* உருண்டு வரும் பந்தைப் பிடிக்கக் கையை மட்டும் நீட்டாதீர்கள். உடம்பு முழுவதும் பந்துக்குப் பின்னால் வரட்டும். கை தவறினாலும் கால் தடுக்கும்.

* நண்பன் ஸ்டம்பை நோக்கி எறியும்போது, எதிர்ப்புறம் ஓடிப்போய் நில்லுங்கள். குறி தவறினால், கூடுதல் ரன் போகாது. இதற்குக் கைதட்டல் கிடைக்காது. ஆனால், ஆட்டம் கிடைக்கும்!

* டீமில் 11-வது ஆளாகச் சேர்த்தாலும் முகம் சுளிக்காதீர்கள். பேட்டிங் வராமலே ஆட்டம் முடியலாம். பந்து வீசச் சொல்லாமலும் போகலாம். பீல்டிங் மட்டும், ஆடும் அத்தனை பேருக்கும் கட்டாயம் கிடைக்கும் வாய்ப்பு.

பெட்டிச் செய்தி: ராபின் சிங்

பிறந்தது: 14.9.1963, பிரின்சஸ் டவுன், டிரினிடாட்
ஒருநாள் போட்டிகள்: 136
ரன்கள்: 2,336
அதிகபட்சம்: 100 (இலங்கைக்கு எதிராக, 1997)
விக்கெட்டுகள்: 69
டெஸ்ட்: 1
தடுத்த ரன்கள்: யாரும் எண்ணவில்லை!