நகர்மன்றத் தீர்மானமும் நம் கடை வாசலும்



நம்மவர்கள் நாலு பேர் கூடினால் துவரம்பருப்பு விலையைப் பேசுகிறோம், ஜி.எஸ்.டி. கணக்கைப் பேசுகிறோம், ஆன்லைன் வியாபாரம் நம் பிழைப்பைக் கெடுப்பதைப் பேசுகிறோம். போன மாத நகர்மன்றக் கூட்டத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அது கவுன்சிலர்கள் விவகாரம் என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தீர்மானம் வரிச் சீட்டாகவோ, கடை வாசலில் தோண்டிய பள்ளமாகவோ வந்து நிற்கும்போதுதான் விழிக்கிறோம்.

நானும் அப்படி ஏமாந்தவன்தான். 2022-ல் சொத்து வரிச் சீராய்வு வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த ஆண்டு ஏப்ரல் முதல் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீடுகளுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 100 சதவீதம் என்று உயர்ந்தது. சென்னை நீங்கலாக மற்ற ஊர்களில் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். அரசு ஆணை வந்ததும் ஒவ்வொரு ஊர் மன்றமும் தீர்மானம் போட்டு, பொது அறிவிப்புச் செய்து, ஆட்சேபணை சொல்ல 30 நாள் கொடுத்தது. அந்த 30 நாளும் நான் கல்லாவை விட்டு எழுந்திருக்கவில்லை. என் குடோனுக்குப் பின்னால் எப்போதோ பிரித்துப் போட்ட தகரக் கொட்டகையையும் சேர்த்துப் பழைய அளவே ஏட்டில் இருந்தது. அந்த அளவுக்கே வரி இரட்டிப்பாயிற்று. பிறகு மனு மேல் மனுவாகக் கொடுத்து, ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்து அளவைத் திருத்தினேன். அதற்குள் கட்டியது கட்டியதுதான். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை. அறிவிப்புப் பலகையைப் பார்க்காத குற்றம் என்னுடையது.

தீர்மானம் எப்படி உருவாகிறது?

நகராட்சிகள் பல காலமாக 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்தன. 2023 ஏப்ரல் முதல் 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும், அதற்கென வந்த 2023 விதிகளும் நடைமுறையில் உள்ளன. செங்கல்பட்டு நகராட்சியில் 33 வார்டுகள். அலுவலகம் பொருள் நிரலைத் தயாரித்து உறுப்பினர்களுக்கு அனுப்பும். தலைவர் தலைமையில் மன்றம் கூடி, ஒவ்வொரு பொருளையும் ஏற்கும், ஒத்திவைக்கும் அல்லது தள்ளும். ஏற்றதை ஆணையர் நிறைவேற்றுவார்.

அந்த நிரலில் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் முதல் நூறு பொருள் இருக்கலாம். நமக்கு வேண்டியவை நான்குதான். ஒன்று, வரி மற்றும் கட்டணம். இரண்டு, நகராட்சிக் கடை, சந்தை, வாகன நிறுத்தம் ஆகியவற்றின் குத்தகை ஏலம். மூன்று, சாலை, மழைநீர்க் கால்வாய் வேலைகள். நான்கு, திருவிழாக் காலத்துப் பொது இட அனுமதிகள். பொருள் நிரலில் இருக்கும்போது ஒரு பேச்சில் மாற்றக்கூடியதை, தீர்மானம் ஆன பிறகு பத்து மனு போட்டும் மாற்றுவது கடினம்.

விழா வந்தால் வியாபாரம், வழி அடைத்தால் நஷ்டம்

நம் பகுதிக்கு விழாவே பாதி வியாபாரம். செங்கல்பட்டு தசராவை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னக்கடை தசரா, பூக்கடை தசரா, ஜவுளிக்கடை தசரா என்று பெயரிலேயே கடை இருக்கிறது. வணிகர்கள் வளர்த்த விழா அது. ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, அவல், வெல்லம் மூட்டை மூட்டையாக இறங்க வேண்டிய அதே பத்து நாளில்தான் ராட்டினமும் தற்காலிகக் கடைகளும் சாலையை நிறைக்கின்றன. லாரி எத்தனை மணி வரை ஊருக்குள் வரலாம், எங்கே நிறுத்திச் சரக்கு இறக்கலாம் என்பதை முன்கூட்டியே நகராட்சியிடமும் காவல் துறையிடமும் பேசி எழுத்தில் வாங்காவிட்டால், சரக்கு ஊர் எல்லையில் நிற்கும், வாடிக்கையாளர் நம் கடையில் நிற்பார்.

மாமல்லபுரம் பக்கமும் இதே கதைதான். மாசி மகத்துக்கு இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாகக் கடற்கரையில் தங்கிக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள், அங்கேயே திருமணங்களும் நடக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழா. 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தபோது ஊர் அழகு பெற்றது, ஆனால் பாதுகாப்புக் கெடுபிடியில் கடை திறக்க முடியாமல் தவித்தவர்களும் உண்டு. 2022 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை பூஞ்சேரியில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் உலகத்தையே இங்கே கொண்டுவந்தது. பேரூராட்சியாக இருந்த மாமல்லபுரத்தை நகராட்சியாக உயர்த்தும் அறிவிப்பு 2024-ல் வந்தது. தரம் உயர்ந்தால் வசதி உயரும், கட்டணமும் உயரும். அங்குள்ள நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். திருக்கழுக்குன்றம் சங்கு தீர்த்தப் பெருவிழா 12 ஆண்டுக்கு ஒரு முறை வருவது. 2016-ல் நடந்தது, அடுத்தது 2028-ல். லட்சக் கணக்கில் மக்கள் கூடும் விழாவுக்குச் சாலை, குடிநீர், தற்காலிகக் கடை ஒதுக்கீடு எல்லாம் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடும். அந்த முடிவில் உள்ளூர் வணிகருக்கு முன்னுரிமை வேண்டுமென்றால் முன்பே கேட்டாக வேண்டும்.

கடைக்கு ஓட்டு இல்லை

நம் பலவீனம் எது தெரியுமா? நம்மில் பலருக்குக் கடை ஒரு வார்டு, வீடு ஒரு வார்டு. கடை இருக்கும் வார்டில் வரி கட்டுகிறோம், ஓட்டு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வார்டு உறுப்பினர் நம்மை மறந்தால் அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கும் ஒரு வழி பிறந்திருக்கிறது. கிராம சபை போல நகரங்களிலும் வார்டு குழுவும் பகுதி சபையும் வந்துவிட்டன. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நம் மாவட்டத்துப் பம்மலில், தாம்பரம் மாநகராட்சியின் பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலினே கலந்துகொண்டார். அந்தப் பகுதி வாக்காளர் யாரும் அங்கே பேசலாம். கடைத்தெரு உள்ள ஒவ்வொரு வார்டிலும் வீடும் ஓட்டும் அங்கேயே உள்ள ஓர் உறுப்பினரைச் சங்கம் பொறுப்பாக்கி அனுப்பினால் நம் குரல் பதிவாகும்.

செய்ய வேண்டியவை

1. மாதம் ஒரு முறை நகராட்சி அறிவிப்புப் பலகையையும் ஒப்பந்தப்புள்ளி விளம்பரங்களையும் பார்த்துவர ஒருவரை நியமிக்க வேண்டும்.

2. தீர்மான நகல் கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

3. வரி ரசீதில் உள்ள சதுர அடியைக் கட்டடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தவறு இருந்தால் உடனே எழுதிக் கொடுங்கள். நகராட்சியில் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு என்று ஒன்று உண்டு.

4. சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதமான ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் வட்டி. 5 சதவீத லாபம் பருப்பு மூட்டையில் கிடைக்கிறதா, யோசியுங்கள்.

5. விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே சரக்கு இறக்கும் நேரம், குப்பை அகற்றல், தற்காலிகக் கடைகளின் இடம் ஆகியவை பற்றிச் சங்கத்தின் பெயரில் மனு கொடுக்க வேண்டும்.

கேட்பதற்கு மன்றம் இருப்பதே பெரிது. 2016 அக்டோபரில் பழைய மன்றங்களின் காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை ஐந்து ஆண்டுக்கு மேல் தனி அலுவலர் ஆட்சிதான் இருந்தது. அந்த நாளில் சாக்கடை அடைத்தால் யாரிடம் போவது என்று தெரியாமல் நின்றோம். 2022 மார்ச் 2-ல் பொறுப்பேற்ற உறுப்பினர்களின் ஐந்தாண்டு 2027 மார்ச்சில் நிறைகிறது. உரிய காலத்தில் தேர்தல் நடக்க வேண்டும் என்று குரல் கொடுப்பதும் நம் கடமை.

2025 மே 5 அன்று மதுராந்தகத்தில் நடந்த மாநாட்டில் நம்மவர் திரண்டதைக் கண்டோம். கோட்டைக்குக் கேட்கும்படி பேசத் தெரிந்த நாம், நகராட்சி அலுவலகப் படி ஏறவும் பழக வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் என்ன இருக்கிறது என்று இன்றே விசாரியுங்கள்.