தம்பி, தங்கச்சி காலேஜ் சேரப் போறாங்களா? பர்சனல் லோன் எடுக்கும் முன் இதைப் படிங்க!

அண்ணனூர்ல ட்ரெயின் பிடிச்சு தினமும் வேலைக்குப் போறீங்க. வீட்டுல தம்பியோ தங்கச்சியோ பிளஸ் டூ முடிச்சாச்சு. எல்லாரும் உங்க சம்பளத்தைத்தான் பார்க்கிறாங்க. அவசரப்பட்டு பர்சனல் லோன் எடுக்காதீங்க. இந்த நாலையும் முதல்ல பாருங்க.

1. மாதம் ₹1,000: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர்களுக்கானது. பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022), ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024). காலேஜ் வழியாத்தான் விண்ணப்பிக்கணும். அவங்க பேரிலேயே, ஆதார் இணைத்த பேங்க் கணக்கு தேவை.

2. முதல் பட்டதாரி சலுகை: நீங்க ஏற்கெனவே டிகிரி முடிச்சிருந்தா தம்பிக்குக் கிடைக்காது. அதை நம்பி பட்ஜெட் போடாதீங்க.

3. ட்ரெயின் சீசன்: மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணம் உண்டு. காலேஜ்ல கன்செஷன் படிவம் வாங்கிக் கொடுத்தா போதும்.

4. கல்விக் கடன்: ₹4 லட்சம் வரை பொதுவா அடமானம் கேட்க மாட்டாங்க. படிப்பு முடிஞ்ச பிறகுதான் தவணை ஆரம்பிக்கும்.

இங்கதான் பலர் ஏமாறுறாங்க. உடன்பிறப்புக்காக நீங்க கடன் வாங்கினா அந்த வட்டிக்கு உங்களுக்கு வரி விலக்கு கிடையாது. அதனால கடன் மாணவர் பேர்லயே, அப்பா அம்மா கையெழுத்தோட இருக்கட்டும்.

அப்போ நீங்க என்ன செய்யலாம்? படிக்கிற காலத்துலயும் வட்டி ஓடும். அந்த வட்டியை மட்டும் மாசாமாசம் கட்டிடுங்க. நாளைக்கு வேலைக்குப் போறப்ப அவங்க தலையில பாரம் குறையும்.

சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க!