50 வெள்ளி இருந்தால் போதும்: கடற்கரையில் தூண்டில் போடத் தொடங்குவது எப்படி?

வார இறுதி. கையில் காசு குறைவு. சினிமாவுக்குப் போனாலும் செலவு, கடைத்தொகுதியில் சும்மா சுற்றினாலும் செலவு.

ஈஸ்ட் கோஸ்ட் பக்கம் போகும்போது, தூண்டிலைப் போட்டுவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் அங்கிள்களைப் பார்த்திருப்பீர்கள். "நாமும் ட்ரை பண்ணலாமே" என்று தோன்றியிருக்கும். அப்புறம் கடையில் ரீலின் விலையைப் பார்த்ததும் ஆசை அடங்கியிருக்கும்.

கவலை வேண்டாம். உங்கள் தூண்டில் கோல் என்ன விலை என்று மீனுக்குத் தெரியாது. அதன் கண்ணில் படுவது நரம்பின் கடைசி ஒரு மீட்டர் மட்டும்தான். காசையும் கவனத்தையும் அங்கே வைத்தால் போதும்.

முதலில், எங்கே போடலாம்?

சிங்கப்பூரில் பொழுதுபோக்காகக் கரையிலிருந்து தூண்டில் போட உரிமம் தேவையில்லை. ஆனால் நினைத்த இடத்தில் எல்லாம் போட முடியாது. அனுமதி உள்ள இடங்களைத் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தில் பார்க்கலாம். அங்கே போன பிறகு அறிவிப்புப் பலகையையும் படியுங்கள். ஒரே பூங்காவில் ஒரு பகுதியில் அனுமதி இருக்கும், பக்கத்துப் பகுதியில் இருக்காது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பிடோக் படகுத்துறை நல்ல இடம். கிட்டத்தட்ட 250 மீட்டர் நீளம். கடலுக்குள் நீண்டிருப்பதால் தூரமாக வீசத் தெரியாவிட்டாலும் ஆழமான தண்ணீர் கிடைக்கும். சாங்கி, பாசிர் ரிஸ் கடற்கரைகளிலும் தூண்டில்காரர்கள் உண்டு.

நீர்த்தேக்கங்களின் விதிமுறை வேறு. அங்கே அனுமதி உள்ள இடங்களிலும் செயற்கை இரை மட்டும்தான். இறாலோ புழுவோ கொண்டு போனால் அபராதம் வரலாம்.

50 வெள்ளியை எப்படிப் பிரிப்பது?

கோலுக்கும் ரீலுக்கும் சேர்த்து 30 வெள்ளிக்கு மேல் போகாதீர்கள். கரோசலில் பழையது வாங்கினாலும் பரவாயில்லை. 7 முதல் 9 அடி நீளம் போதும். பஸ்ஸில் போகிறவர் என்றால் மடக்கு கோல் வசதி. அது கொஞ்சம் பலம் குறைந்ததுதான், ஆனால் தொடக்கத்துக்குத் தாங்கும்.

பழைய கோல் வாங்கும்போது ஒரு சின்ன சோதனை செய்யுங்கள். நரம்பு ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டுச் சுற்றிப் பாருங்கள். பஞ்சு எங்கேயாவது சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. அந்த விரிசல் நரம்பை அறுத்துவிடும். அந்தக் கோல் வேண்டாம்.

நரம்பை மட்டும் புதிதாக வாங்குங்கள். பழைய ரீலோடு வரும் நரம்பு வெயிலில் காய்ந்து, இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். 10 பவுண்டு பலமுள்ள சாதாரண நைலான் நரம்பு ஒரு சுருள் போதும். பின்னல் நரம்பு விலை அதிகம், சிக்கினால் பிரிப்பதும் கஷ்டம். இப்போதைக்கு அது தேவையில்லை.

மிச்சக் காசில் கொக்கி, ஈயம், சுழலும் இணைப்பு, இரை எல்லாம் முடிந்துவிடும். வாளி, பழைய துண்டு, நகவெட்டி மூன்றும் வீட்டிலேயே இருக்கும். நரம்பு வெட்ட நகவெட்டியைவிடச் சிறந்த கருவி கிடையாது.

50 வெள்ளியும் இல்லையா? கைத்தூண்டில் இருக்கிறது. காலி பாட்டிலில் நரம்பைச் சுற்றி, முனையில் கொக்கியும் ஈயமும் கட்டினால் வேலை முடிந்தது. படகுத்துறையிலிருந்து நேராகக் கீழே இறக்குவதற்கு இதுவே போதும். மீன் கடிப்பது விரலிலேயே தெரியும். அந்த உணர்வு எந்த விலையுயர்ந்த கோலிலும் இப்படிக் கிடைக்காது.

கடைசி ஒரு மீட்டர்

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பெரிய மீன் வேண்டும் என்று பெரிய கொக்கி வாங்குவார்கள். ஆனால் கரையோரம் வருபவை பெரும்பாலும் சின்ன வாய் உள்ள மீன்கள். கிழங்கான் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மணல் தரையில் மேயும், சுவையான மீன். அதன் வாய் உங்கள் சுண்டுவிரல் நுனி அளவுதான். அதற்கு 8ஆம் எண் கொக்கி சரி. கொக்கியில் எண் கூடினால் அளவு சிறியது என்பதை மறக்காதீர்கள்.

கட்டும் முறைக்கு இங்குள்ள தூண்டில்காரர்கள் 'அப்போலோ' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நரம்பின் அடியில் ஈயம், அதற்கு மேலே பக்கவாட்டில் இரண்டு கொக்கிகள். அவ்வளவுதான்.

முடிச்சு ஒன்று தெரிந்தால் போதும். நரம்பைக் கொக்கியின் துளையில் விட்டு, அதே நரம்பைச் சுற்றி ஐந்தாறு முறை முறுக்குங்கள். துளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் தெரியும். நுனியை அதில் விட்டு, பிறகு உருவான பெரிய வளையத்திலும் விடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து மெதுவாக இழுங்கள். நனைக்காமல் இழுத்தால் உராய்வில் நரம்பு சூடாகிப் பலம் போய்விடும். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டே இருபது தடவை கட்டிப் பழகுங்கள்.

இரைக்கு ஈரச்சந்தையில் வாங்கும் இறால் நல்லது. தோலை உரித்து, நகம் அளவுக்கு வெட்டி, கொக்கியை மறைக்கும்படி மாட்டுங்கள். முழு இறாலை மாட்டினால் சின்ன மீன்கள் கடித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரையை மாற்றுங்கள்.

பாறை உள்ள இடத்தில் ஈயம் அடிக்கடி சிக்கும். ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்பில் கட்டுங்கள். சிக்கினால் அது மட்டும் அறும், கொக்கியும் மீனும் தப்பிக்கும். ஈயத்துக்குப் பதில் பழைய இரும்பு நட்டையும் கட்டலாம்.

எப்போது போவது?

நேரம் பார்ப்பதற்குக் காசு ஆகாது. ஆனால் மீன் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. நம் கடலில் தண்ணீர் பெரும்பாலும் ஒரு நாளில் இருமுறை ஏறும், இருமுறை இறங்கும். தண்ணீர் ஓடும்போது மீன் மேயும். அசையாமல் நிற்கும்போது அதுவும் சும்மா இருக்கும். அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம்.

நீர்மட்ட அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒருநாள் தூண்டில் இல்லாமல், தண்ணீர் நன்றாக இறங்கிய நேரத்தில் கடற்கரைக்குப் போங்கள். பள்ளம் எங்கே, பாறை எங்கே, கடற்புல் எங்கே என்று கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தண்ணீர் ஏறத் தொடங்கும்போது அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் போடுங்கள். 100 மீட்டர் வீசத் தேவையில்லை. நம் கரையில் பெரிய அலை கிடையாது, 20 மீட்டரிலேயே மீன் இருக்கும்.

பக்கத்தில் இருக்கும் அங்கிளிடமோ அபாங்கிடமோ "இன்னிக்குக் கடிக்குதா?" என்று கேளுங்கள். பலரும் கொக்கி அளவு முதல் இரை வரை சொல்லிக்கொடுப்பார்கள். அவருடைய நரம்புக்குக் குறுக்கே மட்டும் வீசிவிடாதீர்கள்.

இதில் விளையாட வேண்டாம்

இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் போங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த கடற்கரையில் அதைத் தூக்கிப் பிடித்து நிற்பது உயிரோடு விளையாடுவது.

பேத்தை மீன் மாட்டலாம். வெளியே எடுத்ததும் பலூன் மாதிரி ஊதும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் அதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உயிரைப் பறிக்கக்கூடியது. கடலில் விட்டுவிடுங்கள். என்ன மீன் என்று உறுதியாகத் தெரியாத எதையும் வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்.

கெளுத்தி, ஓரா, திருக்கை மூன்றும் குத்தும். வெறும் கையால் பிடிக்காமல் துண்டு போட்டுப் பிடியுங்கள், அல்லது நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அமிழ்த்துங்கள், வலி குறையும். பிறகு மருத்துவரைப் பாருங்கள். மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் தாமதிக்காமல் 995.

வீசுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பின்னால் திரும்பிப் பாருங்கள். சைக்கிள், குழந்தை, நாய் என்று யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கி வைத்தால், யார் மேலாவது பட்டாலும் எளிதாக எடுத்துவிடலாம். கண்ணுக்குப் பக்கத்தில் பட்டால் நீங்களே எடுக்க முயலாதீர்கள்.

அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். பறவைகளின் காலையும் நீர்நாயின் கழுத்தையும் சுற்றிக்கொள்ளும் நரம்பு அதுதான். ஒரு காலி பாட்டிலில் போட்டு மூடிக் கொண்டுவாருங்கள். திரும்பும்போது பஸ்ஸில் ஏறுவதற்கு முன் கொக்கியைக் கழற்றிவிடுங்கள், அல்லது தக்கைத் துண்டில் குத்தி வையுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ரீலைக் குழாய்த் தண்ணீரில் மெதுவாகக் கழுவித் துடையுங்கள். உப்பு காய்ந்தால் ரீல் சில மாதங்களில் இறுகிவிடும். மீதமுள்ள இறாலைச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி உறைபெட்டியில் வைத்தால் அடுத்த வாரத்துக்கு ஆகும். மேலே 'இரை' என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அம்மா அதைச் சம்பாலில் போட்டுவிடுவார்.