நிலத்தின் நகர்வும் அளவின் எல்லையும்

கம்பம் பள்ளத்தாக்கின் இருபோக வயல்கள், 1895இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீரால் விளைகின்றன. அவ்வணையும் வயல்களும் இந்தியப் புவித்தட்டோடு சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காக நகர்கின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலுள்ள நிலையம் செயற்கைக்கோள்வழி இந்நகர்வை அளந்துவருகிறது.

வளிமண்டல நீராவி செயற்கைக்கோள் சைகைகளைத் தாமதப்படுத்துவதால், நுட்பமான கருவியின் ஒருநாள் அளவீட்டிலும் சில மில்லிமீட்டர் பிழை நேரும். உயரத்தை அளக்கையில் அது மேலும் மிகும். எனவே, ஒருநாள் மாற்றத்தை நகர்வெனக் கொள்ளலாகாது. பல்லாண்டுப் போக்கே சான்றாகும்.

அனைத்தும் ஒருங்கே நகர்வதால் அணைக்கு ஊறில்லை. அருகிலுள்ள பாறையினின்று அணை தனியே விலகுகிறதா என்பதே வினா. அணையில் ஒன்றும் பாறையில் ஒன்றுமாக நிறுவிய கருவிகளின் அளவீடுகளை ஒப்பிட்டால், இரண்டிற்கும் பொதுவான பிழைகள் பெரிதும் நீங்கும். பிழையின் எல்லையைக் கூறாத அளவு, வீண் அச்சத்தையோ வீண் நம்பிக்கையையோ விளைவிக்கும்.