தியோமான் பவளப்பாறையில் மூச்சும் மிதப்பும்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்திலிருந்து கடலடி காணப் புறப்படுவோருக்கு எட்டும் தொலைவிலுள்ள தியோமான் தீவு, பகாங் மாநிலத்தைச் சேர்ந்ததாயினும், ஜோகூரின் மெர்சிங் துறையிலிருந்தே பெரும்பாலோர் அங்கே படகேறுகின்றனர். 1994இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இத்தீவைச் சுற்றி இரண்டு கடல் மைல் வரை மீன்பிடிக்கவோ பவளம் எடுக்கவோ அனுமதியில்லை. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் கொந்தளிப்பதால் முக்குளிப்பும் பெரும்பாலும் நின்றுவிடும்.

சலாங், ஆயர் பாத்தாங், தெக்கெக் ஆகிய கடற்கரைக் கிராமங்களிலிருந்து சிறு படகுகள் செபே, லாபாஸ் போன்ற பாறைத்தீவுகளுக்கு முக்குளிப்போரை ஏற்றிச் செல்கின்றன. அவர்கள் முதுகில் சுமக்கும் உருளையில் இருப்பது, பலர் நினைப்பதுபோல் தூய ஆக்சிஜன் அன்று. அழுத்தி அடைக்கப்பட்ட சாதாரணக் காற்றே. ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், இருபது மீட்டரில் ஒரு மூச்சுக்கு மேற்பரப்பைப்போல் மும்மடங்கு காற்று செலவாகிறது. அக்காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைந்து, விரைந்து மேலேறினால் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும் என்பதால், மேலேறும்போது ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் தங்குவது வழக்கம்.

ஆயினும் பவளத்தைப் பொறுத்தவரை முக்கியமான திறன், மூழ்காமலும் மேலெழாமலும் ஒரே மட்டத்தில் மிதப்பதுதான். இது மிதவைச் சட்டையில் காற்றை அளவறிந்து நிரப்புவதாலும், மூச்சை நிதானமாக இழுத்து விடுவதாலும் கைகூடுவது. கற்றுக்குட்டி ஒருவரின் துடுப்புக் காலணி பட்டு முறியும் கிளைப்பவளம், ஆண்டுக்குச் சில சென்டிமீட்டரே வளர்ந்தது என்பதை நினைத்தால், மிதக்கப் பழகாதவரை பாறைக்கு அழைத்துச் செல்வது பொறுப்பற்ற செயல் என்றே கூறவேண்டும்.

கவனமாக மிதப்போராலும் தடுக்க இயலாத கேடு வெப்பம். பவள உயிரியின் திசுக்களில் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகள், கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி அளவுக்குச் சில வாரங்கள் சூடேறினாலே வெளியேற்றப்பட, பவளம் வெளிறிப் பட்டினி கிடக்கிறது. 2010இல் அவ்வாறு வெளிறியபோது, தியோமான், ரெடாங் உள்ளிட்ட தீவுகளில் சில முக்குளிப்பு இடங்களை மலேசிய அரசு பல மாதங்களுக்கு மூடியது. நீரைக் குளிர்விக்க எந்த ஆணையாலும் ஆகாதெனினும், நலிந்த பவளத்தின்மீது மனிதச் சுமையையாவது அது குறைத்தது.